எடிட்டருக்குக் கூலி கொடுப்பது யார்? தனித்தொழில் எடிட்டர்களும் புனைகதை எழுத்தாளர்களும்

அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தைச் சேர்ந்த அமாண்டா ஹாக்கிங், 2010 ஏப்ரலில் தன் நாவல்களைத் தானே கிண்டிலில் ஏற்றத் தொடங்கினார். ஓராண்டுக்குள் பத்து லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றன. பதிப்பாளர்களின் காலம் முடிந்துவிட்டது என்று வாதாடியவர்கள் எல்லோரும் அவர் பெயரைத்தான் எடுத்துக்காட்டினார்கள். அப்படிப்பட்டவர் 2011 மார்ச்சில் செயின்ட் மார்ட்டின்ஸ் பதிப்பகத்துடன் நான்கு நாவல்களுக்கு இருபது லட்சம் டாலருக்கு மேல் ஒப்பந்தம் செய்துகொண்டார். அதற்கு அவர் சொன்ன காரணங்களில் எடிட்டிங்கும் ஒன்று. கைக்காசு கொடுத்து எடிட்டர்களை அமர்த்தியிருந்தார். பிரதியைப் பலமுறை திருத்தவும் செய்திருந்தார். ஆனாலும் வாசகர்கள் பிழைகளைச் சுட்டிக்கொண்டே இருந்தார்கள். எடிட்டர் தேடுவதும் அட்டை தயாரிப்பதும் மின்னஞ்சலுக்குப் பதில் எழுதுவதுமாகத் தன் நாட்கள் போவதை அவர் விரும்பவில்லை.

ஹாக்கிங்கின் அனுபவம் ஒரு கேள்வியை எழுப்புகிறது. எழுத்தாளரே சம்பளம் கொடுத்து, எழுத்தாளருக்காக மட்டுமே வேலை செய்யும் எடிட்டர் ஒருவர் இருந்தால், அது எழுத்தாளருக்குக் கிடைக்கக்கூடிய சிறந்த ஏற்பாடாகத்தானே இருக்க வேண்டும்? ஏன் அப்படி அமைவதில்லை? அல்லது எப்போது அமைகிறது? இந்தக் கட்டுரை அதைத்தான் ஆராய்கிறது. எழுத்தாளர்கள் எடிட்டரைப் பற்றிச் சொல்லும் நன்றியும் புகாரும் எத்தனை பக்கங்கள் வெட்டப்பட்டன என்பதைப் பொறுத்தவை அல்ல. ‘வேண்டாம்’ என்று சொல்லும் அதிகாரம் யாரிடம் இருந்தது என்பதைப் பொறுத்தவை. இதுவே இங்கு முன்வைக்கப்படும் வாதம்.

பெர்கின்ஸ் என்னும் தொன்மம்

எடிட்டர் என்றதும் ஆங்கில இலக்கிய உலகம் முதலில் சொல்லும் பெயர் மேக்ஸ்வெல் பெர்கின்ஸ். ஸ்க்ரிப்னர் பதிப்பகத்தில் இருந்தவர். ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்ட், ஹெமிங்வே, தாமஸ் வுல்ஃப் மூவருக்கும் எடிட்டர். வுல்ஃபின் முதல் நாவல் ‘லுக் ஹோம்வர்ட், ஏஞ்சல்’ 1929-இல் வெளிவருவதற்கு முன் பெர்கின்ஸின் மேசையில் பல பத்தாயிரம் சொற்களை இழந்தது. அடுத்த நாவலுக்கு இருவரும் மாதக்கணக்கில் இரவுகளில் உட்கார்ந்து வேலை செய்தார்கள்.

இந்தக் கதையை உலகுக்குச் சொன்னது பெர்கின்ஸ் அல்ல, வுல்ஃபேதான். ‘தி ஸ்டோரி ஆஃப் எ நாவல்’ என்ற சிறு நூலில் எடிட்டரின் பங்கை மறைக்காமல் எழுதினார். விளைவு விபரீதமாக அமைந்தது. 1936-இல் பெர்னார்ட் டிவோட்டோ என்ற விமர்சகர், வுல்ஃபின் நாவல்களுக்கு வடிவம் கொடுத்தது ஸ்க்ரிப்னர் அலுவலகம்தான், மேதைமை மட்டும் போதாது என்று கடுமையாக எழுதினார். அந்த அடி வுல்ஃபை விடவில்லை. வேறு காரணங்களும் சேர்ந்துகொள்ள, 1937-இல் ஹார்ப்பர் பதிப்பகத்துக்குப் போனார். 1938-இல் இறந்தபோது வயது 37. அவருடைய இலக்கியச் சொத்துக்குப் பொறுப்பாளராக உயிலில் இருந்த பெயர் பெர்கின்ஸ். முதல் நாவலின் வெட்டப்படாத மூலப்பிரதி 2000-இல் ‘ஓ லாஸ்ட்’ என்ற பெயரில் அச்சானது.

எடிட்டரைப் புகழ்ந்து எழுதுவோர் பெர்கின்ஸின் பொறுமையைச் சொல்வார்கள். வுல்ஃபின் பக்கத்திலிருந்து பார்த்தால் வேறொன்று தெரியும். உதவி வாங்கியதால் அவர் காயப்படவில்லை. அந்த உதவி வெளியில் தெரிந்ததும் தன் பெயர் தன்னுடையதாக இல்லாமல் போனதே காயம். எடிட்டரின் பெயரை அச்சிடத் தயங்கும் எழுத்தாளர்களிடம் இன்றும் இருப்பது இந்த அச்சம்தான்.

வீட்டிலிருந்து வேலை செய்த எட்வர்ட் கார்னெட்

இன்றைய தனித்தொழில் எடிட்டருக்கு முன்னோடி என்று யாரையாவது சொல்ல வேண்டுமானால் பெர்கின்ஸைவிட எட்வர்ட் கார்னெட்டே பொருத்தமானவர். அன்வின், டக்வொர்த், ஜொனாதன் கேப் என்று பதிப்பகம் மாறி மாறிப் பிரதி வாசித்துக் கருத்துச் சொல்லும் வேலை பார்த்தவர். தாம் வாசித்த பிரதிகளின் ஆசிரியர்களை லண்டனுக்கு வெளியே ‘தி சேர்ன்’ என்ற தன் வீட்டுக்கு அழைத்து வாரக் கடைசிகளில் தங்க வைத்துக்கொள்வார். ஜோசப் கான்ராடின் முதல் நாவல் ஏற்கப்பட்டதில் கார்னெட்டுக்குப் பங்குண்டு. ‘தி சிஸ்டர்ஸ்’ என்று கான்ராட் தொடங்கிய இன்னொரு நாவல் 1896-இல் பாதியில் நின்றுபோனதிலும் அவருக்குப் பங்குண்டு.

டி. எச். லாரன்ஸின் ‘சன்ஸ் அண்ட் லவ்வர்ஸ்’ நாவல் விஷயத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும். 1912 ஜூலையில் ஹைன்மன் பதிப்பகம் அதை நிராகரித்தது. கார்னெட் குறிப்புகள் எழுதி அனுப்பினார். அப்போது லாரன்ஸ், காதலி ஃப்ரீடாவுடன் இங்கிலாந்தை விட்டுக் கிளம்பியிருந்தார், கையில் காசில்லை. இத்தாலியின் கார்டா ஏரிக்கரையில் இருந்தபடி நாவலைத் திரும்ப எழுதி நவம்பரில் அனுப்பினார். கூடவே, இதற்கு வடிவம் இருக்கிறது, பொறுமையாக அமைத்திருக்கிறேன் என்று வாதாடி ஒரு கடிதமும் எழுதினார். வாதம் எடுபடவில்லை. டக்வொர்த் வெளியிடுவதற்கு இது நீளம் என்று கார்னெட் முடிவு செய்து, ஏறக்குறைய எண்பது இடங்களில் வெட்டி, நாவலில் பத்தில் ஒரு பங்கை எடுத்துவிட்டார்.

லாரன்ஸ் முதலில் வருந்தினார். பிறகு வெட்டுங்கள் என்று விட்டுவிட்டார். மெய்ப்பு வந்ததும், நன்றாகவே கத்தரித்திருக்கிறீர்கள் என்று நன்றி சொன்னார். 1913 மே மாதம் வெளியான நூலின் காணிக்கைப் பக்கத்தில் எட்வர்ட் கார்னெட்டின் பெயர் இருந்தது.

இதை வைத்துக்கொண்டு எடிட்டர் காப்பாற்றினார் என்று நெடுங்காலம் எழுதிவந்தார்கள். 1992-இல் ஹெலன் பாரனும் கார்ல் பாரனும் பதிப்பித்த கேம்ப்ரிட்ஜ் பதிப்பு வெட்டப்பட்ட பகுதிகளை மீட்டுக் கொடுத்த பிறகு பார்வை மாறியது. பறிபோனவற்றில் கணிசமானவை நாயகன் பாலின் அண்ணன் வில்லியம் தொடர்பானவை. முதல் பகுதியில் தாய்க்கும் மூத்த மகனுக்கும் இடையிலான பிணைப்பு விரிவாக வரும். பின்னர் பாலுக்கு நேரப்போவதற்கு அதுவே முன்னோட்டம். விரைவாகக் கதைக்குள் போக விரும்பிய வாசகருக்குக் கார்னெட்டின் பதிப்பு சாதகம். இரண்டு தலைமுறை வாசகர்கள் அந்தச் சிறிய வடிவத்தைப் படித்தே அதை மகத்தான நாவல் என்றார்கள் என்பதையும் மறுக்க முடியாது. எனவே வெட்டு நல்லதா கெட்டதா என்ற விவாதம் முடியாது. முடிய வேண்டிய அவசியமும் இல்லை.

கவனிக்க வேண்டியது அடுத்து நடந்தது. 1914-இல் லாரன்ஸ் எழுதிய புதிய நாவல் கார்னெட்டுக்குப் பிடிக்கவில்லை. அந்த நாவலே பின்னர் ‘தி ரெயின்போ’ ஆனது. லாரன்ஸ் இம்முறை வளைந்து கொடுக்கவில்லை. தன் பாத்திரங்களிடம் பழைய நாவல்களின் நிலையான ஆளுமையைத் தேடாதீர்கள் என்று ஜூன் 5 தேதியிட்ட புகழ்பெற்ற கடிதத்தில் எழுதினார். ஒரு முகவர் மூலம் மெத்துவன் பதிப்பகம் முன்னூறு பவுண்டு தரத் தயாராக இருந்தது. அதாவது லாரன்ஸின் கலைக்கொள்கை உறுதிப்பட்ட அதே நேரத்தில் அவருக்குப் போக்கிடமும் கிடைத்தது. 1912-இல் அவருக்கு அது கிடையாது. அன்று சொன்ன நன்றி பொய்யல்ல. ஆனால் வேறு வழியில்லாதவர் சொன்ன நன்றி அது.

கார்வரின் இரண்டு கடிதங்கள்

அமெரிக்கச் சிறுகதையாளர் ரேமண்ட் கார்வருக்கும் அவருடைய எடிட்டர் கார்டன் லிஷுக்கும் இருந்த உறவு அறுபதுகளின் இறுதியில் நட்பாகத் தொடங்கியது. இருவரும் கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் பாடநூல் நிறுவனங்களில் வேலை பார்த்தவர்கள். லிஷ் 1969-இல் எஸ்குவயர் இதழுக்கும், பிறகு க்னாஃப் பதிப்பகத்துக்கும் போனார். நண்பரின் யோசனை, இதழாசிரியரின் திருத்தமாகி, பதிப்பக எடிட்டரின் தீர்ப்பாகப் படிப்படியாக மாறியது.

1981-இல் வந்த ‘வாட் வீ டாக் அபவுட் வென் வீ டாக் அபவுட் லவ்’ தொகுப்பில் லிஷ் மூலப்பிரதியின் பாதிக்கு மேல் வெட்டினார். ஒரு கதையைப் பார்க்கலாம். மகனின் பிறந்தநாளுக்குக் கேக் சொல்லி வைக்கிறாள் தாய். மகன் கார் மோதி மருத்துவமனையில் கிடக்கிறான். கேக்கை வாங்க யாரும் வராத எரிச்சலில் பேக்கரிக்காரர் வீட்டுக்குத் தொலைபேசியில் அழைத்துக்கொண்டே இருக்கிறார். லிஷின் வடிவம், ‘தி பாத்’, தொலைபேசி மணியோடு அந்தரத்தில் நின்றுவிடும். கார்வர் எழுதிய வடிவில் பையன் இறந்த பிறகு பெற்றோர் பேக்கரிக்குப் போகிறார்கள். சண்டை போடப் போனவர்கள் சூடான ரொட்டியைத் தின்றுகொண்டு விடியும்வரை அந்த மனிதரின் பேச்சைக் கேட்கிறார்கள். பிந்தையது ‘எ ஸ்மால், குட் திங்’ என்ற தலைப்பில் வெளியாகி, 1983-இன் ஓ. ஹென்றி முதல் பரிசு பெற்றது. இரண்டும் நல்ல கதைகளே. ஆனால் உலகத்தைப் பற்றி அவை சொல்வது நேர் எதிரானது.

1980 ஜூலை 8-ஆம் தேதி கார்வர், புத்தகத்தை நிறுத்திவிடும்படி லிஷிடம் மன்றாடி எழுதினார். குடியை விட்டு மூன்றாண்டுகளே ஆகியிருந்தன. மூலவடிவத்தைப் படித்த நண்பர்களின் முகத்தில் எப்படி விழிப்பது என்ற கூச்சமும், மறுபடி நிலைகுலைந்துவிடுவோமோ என்ற பயமும் அதில் தெரிகின்றன. இரண்டு நாள் கழித்து எழுதிய கடிதத்தில் குரல் தணிந்துவிட்டது. சில இடங்களை மட்டும் திரும்பக் கேட்டார். புத்தகம் லிஷின் விருப்பப்படியே வந்தது, கார்வருக்குப் பெரும்புகழும் கொடுத்தது. அடுத்த தொகுப்பான ‘கதீட்ரல்’ (1983) தயாரானபோது வெட்டுக்கு இடமில்லை என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். அதற்குள் அவருக்கு அந்தப் பலம் வந்திருந்தது.

இந்த விவகாரம் பொதுவெளிக்கு வந்தது 1998-இல் டி. டி. மேக்ஸ் நியூயார்க் டைம்ஸ் இதழில் எழுதிய கட்டுரை வழியாக. கார்வர் இறந்து பத்தாண்டு ஆகியிருந்தது. இந்தியானா பல்கலைக்கழகத்தின் லில்லி நூலகத்தில் லிஷின் தாள்கள் பாதுகாக்கப்பட்டிருந்ததால்தான் யார் எதை அடித்தார்கள் என்று சொல்ல முடிந்தது.

எழுத்தாளர் முதலாளியாகும்போது

மேலே பார்த்த மூன்று உறவுகளிலும் எடிட்டருக்குச் சம்பளம் கொடுத்தது பதிப்பகம். எண்பதுகளில் அமெரிக்கப் பதிப்பகங்கள் பெருநிறுவனங்களுக்குள் போனபோது, நிறுவன எடிட்டரின் நேரம் புத்தகம் பிடிப்பதிலும் விற்பதிலும் கரைந்தது. பெர்கின்ஸின் காலம் இறந்துவிட்டது என்று ஜெரால்ட் ஹோவர்ட் என்ற எடிட்டரே 1989-இல் எழுதினார். அந்த இடைவெளியில் வளர்ந்ததுதான் தனித்தொழில். ரெனி பிரவுன் 1980-இல் அமெரிக்காவில் தொடங்கிய எடிட்டிங் நிறுவனமும், லண்டனில் ரெபெக்கா ஸ்விஃப்ட் 1996-இல் தோழியுடன் சேர்ந்து தொடங்கிய ‘தி லிட்டரரி கன்சல்டன்சி’யும் எழுத்தாளரிடம் நேரடியாகக் கட்டணம் பெற்றுப் பிரதியை மதிப்பிட்டன. 2007-இல் கிண்டில் வந்த பிறகு இது பெருந்தொழிலானது.

நடைமுறையில் வேலை நான்கு அடுக்காகப் பிரிந்திருக்கிறது. முதலில் முழுப்பிரதியையும் படித்து, அமைப்பில் எது நிற்கிறது எது சரிகிறது என்று நீண்ட கடிதம் எழுதுவது. அடுத்தது வாக்கிய அளவில் கை வைப்பது. மூன்றாவது, மொழிப்பிழையும் தகவல் முரணும் பார்ப்பது. கடைசியில் மெய்ப்பு. ஒவ்வொன்றுக்கும் கட்டணம் வேறு, ஆளும் பெரும்பாலும் வேறு. எழுத்தாளர்களின் மனக்குறைகளில் பெரும்பகுதி இந்த அடுக்குகள் குழம்புவதால் வருகிறது. மெய்ப்புக்குக் காசு கொடுத்தவர் கதை ஏன் மேம்படவில்லை என்று கேட்கிறார். இன்னொருவர், அமைப்பைப் பார்க்க வந்த எடிட்டர் ஒற்றுப்பிழையை விட்டுவிட்டார் என்று கோபிக்கிறார். ஹாக்கிங்கின் சோர்வுக்குப் பின்னாலும் இதே ஒருங்கிணைப்புச் சுமைதான் இருக்கிறது. பதிப்பகம் என்பது, வேறு என்னவாக இருந்தாலும், இந்த நான்கு பேரையும் வரிசையாக நிறுத்தி வேலை வாங்கும் ஏற்பாடு.

தனித்தொழில் எடிட்டரின் கை எப்படி வேறுபடுகிறது என்பதற்குக் கற்பனையாக ஒரு பத்தி: “கதவைச் சாத்திவிட்டு அடுப்படிக்குப் போனாள். தட்டில் போட்டுவைத்த சோறு தொடாமல் கிடந்தது. அவள் மனம் வெறுமையாகிவிட்டது.” லிஷ் வகை எடிட்டர் மூன்றாவது வாக்கியத்தை அடித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார். எழுத்தாளரிடம் கூலி வாங்குபவர் ஓரத்தில், ‘சோறு சொல்லிவிட்டதே, இது வேண்டுமா?’ என்று கேட்டு வைப்பார். எழுத்தாளர் ‘வேண்டும்’ என்றால் அந்த வாக்கியம் இருக்கும். கார்வர் மன்றாடிக் கேட்டது இந்த உரிமையைத்தான். அது இங்கே ஒப்பந்தத்திலேயே அடங்கியிருக்கிறது.

இதற்கு விலையும் உண்டு. பதிப்பக எடிட்டர் ஒரு நாவலை ஏற்கும்போது நிறுவனத்தின் பணத்தையும் தன் பெயரையும் அதன் மேல் பந்தயம் கட்டுகிறார். கார்னெட் பிடிவாதம் பிடித்ததற்கு அது ஒரு காரணம். தனித்தொழில் எடிட்டருக்கு நாவல் விற்றாலும் விற்காவிட்டாலும் கட்டணம் வந்துவிடும். ‘இந்தப் பிரதி இன்னும் தயாராகவில்லை, இப்போது என்னிடம் பணம் கொடுக்காதீர்கள்’ என்ற வாக்கியம் எழுத்தாளருக்கு மிகவும் பயனுள்ளது. அதைச் சொல்வதால் எடிட்டருக்கு நட்டம். எனவே நேர்மையான எடிட்டரை அடையாளம் காண அவர் எத்தனை பிரதிகளைத் திருப்பி அனுப்புகிறார் என்று கேட்பது நல்ல சோதனை.

நேர்மையற்றவர்கள் என்ன செய்வார்கள் என்பதற்கும் பதிவு உண்டு. தொண்ணூறுகளின் பிற்பகுதியில் நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ பகுதியில் இயங்கிய எடிட்டிங் நிறுவனம் ஒன்றின் மேல் அம்மாநிலத் தலைமை வழக்கறிஞர் வழக்குத் தொடுத்தார். பிரதியை அனுப்பிய புது எழுத்தாளர்களிடம் இலக்கிய முகவர்கள் சிலர், ‘கதை நன்றாக இருக்கிறது, இந்த நிறுவனத்திடம் செப்பனிட்டு வாருங்கள்’ என்று சொல்லி அனுப்புவார்கள். அப்படி அனுப்பியதற்கு நிறுவனம் முகவர்களுக்குக் கமிஷன் கொடுத்தது. தன் பக்கம் இருப்பதாக எழுத்தாளர் நம்பிய இரண்டு பேரும் எதிர்ப்பக்கம் இருந்தார்கள்.

தமிழில்

தமிழ்ப் புனைகதையில் எடிட்டர் என்ற சொல்லுக்கு நெடுங்காலம் ஓர் எடுத்துக்காட்டு க்ரியா எஸ். ராமகிருஷ்ணன். 1974-இல் சென்னையில் க்ரியாவைத் தொடங்கியவர், ‘ஜே.ஜே: சில குறிப்புகள்’ (1981), ‘கோவேறு கழுதைகள்’ (1994) போன்ற நாவல்களை வெளியிட்டவர், 1992-இல் ‘க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி’யைக் கொண்டுவந்தவர். அகராதி வேலையும் நாவல் எடிட்டிங்கும் ஒரே மேசையில் நடந்தது தற்செயலல்ல. ஒரு சொல் இன்று எப்படிப் புழங்குகிறது என்று தேடுபவருக்கே, பாத்திரத்தின் பேச்சில் எது இயல்பு எது ஒட்டவைத்தது என்று கேட்கும் காது வாய்க்கும். 2020 நவம்பரில் கொரோனாவுக்கு அவரை இழந்தோம். ஆனால் அவர் பதிப்பாளரே. பிடித்த பிரதிக்குத் தன் பணத்தைப் போட்டவர்.

அவருக்கு வெளியே தமிழில் நடப்பது பெரும்பாலும் நட்பு. பிரதியை நண்பர்கள் நாலு பேருக்கு அனுப்புவது, அவர்கள் சொல்வதில் பிடித்ததை எடுத்துக்கொள்வது, பிறகு பதிப்பகத்தில் புரூப் பார்ப்பவர் பக்கக் கணக்கில் கூலி வாங்கிக்கொண்டு ஒற்றுகளைச் சரிசெய்வது. இந்த இரண்டு முனைகளுக்கும் நடுவில் இருக்க வேண்டிய வேலை காலியாகக் கிடக்கிறது. உதாரணமாக, ஒரு நாவலின் மூன்றாம் அத்தியாயத்தில் தை அறுவடை, இரண்டு வாரம் கழித்து நடக்கும் ஐந்தாம் அத்தியாயத்தில் ஆடிப்பெருக்கு. பன்னிரண்டாம் பக்கத்தில் ‘வந்துட்டேன்’ என்ற கிழவி தொண்ணூறாம் பக்கத்தில் ‘வந்திட்டேன்’ என்கிறாள். இதை நண்பர் கவனிப்பதில்லை, கவனித்தாலும் சொல்லக் கூசுவார். புரூப் பார்ப்பவர் பேச்சுவழக்கு என்று விட்டுவிடுவார், அல்லது இன்னும் மோசமாக, கிழவியை இலக்கணத் தமிழில் பேச வைத்துவிடுவார். வட்டாரப் பேச்சில் எழுதப்படும் நாவலுக்கு ஒரு பாத்திரம் எப்படிப் பேசும், ஒரு சொல்லை எப்படி எழுதுவது என்று பட்டியல் போட்டு வைத்துக்கொண்டு வேலை செய்யும் ஆள் கட்டாயம் தேவை.

இப்போது தமிழிலும் எழுத்தாளரிடம் கட்டணம் பெற்று எடிட் செய்து தரும் தனிநபர்கள் உருவாகிவருகிறார்கள். தேவை இருக்கிறது: தானே வெளியிடுவோர் பெருகிவிட்டார்கள், பல சிறு பதிப்பகங்களில் எடிட்டர் என்ற பதவியே இல்லை. தடை காசு. சில நூறு பிரதி அச்சாகும் நாவலுக்கு ஒருவர் மாதக்கணக்கில் உழைத்தால் அந்தக் கூலியை விற்பனையால் ஈடுகட்ட முடியாது. அதனால் இது வசதியுள்ள எழுத்தாளருக்கான சேவையாக ஒடுங்கிவிடும் ஆபத்து உண்மையானது. அரசு நூலகக் கொள்முதலும் பரிசுகளும் நூலைப் பார்க்கின்றன, நூலின் தயாரிப்பைப் பார்ப்பதில்லை. மொழிபெயர்ப்புக்கு நல்கை கொடுக்கும் அமைப்புகள் எடிட்டிங்குக்கும் ஒரு சிறு தொகை ஒதுக்கினால் நிலைமை மாறும்.

அதுவரை எழுத்தாளர்கள் செய்துகொள்ளக்கூடியவை சில உண்டு. வேலை தொடங்குமுன் எந்த அடுக்கு வேலை, எத்தனை சுற்று, என்ன தொகை, முடிவு யாருடையது என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட வேண்டும். பத்துப் பக்கத்தை மாதிரியாகத் திருத்தச் சொல்லிப் பார்த்துவிட்டு மீதியைக் கொடுக்க வேண்டும். திருத்தக் குறிகள் உள்ள கோப்பை அழிக்காமல் வைத்திருக்க வேண்டும். லில்லி நூலகம் போல ஒன்று நமக்கு இல்லாவிட்டாலும், கணினியில் இடம் இருக்கிறது. எடிட்டரின் பெயரை நூலின் விவரப் பக்கத்தில், அட்டை வடிவமைத்தவரின் பெயருக்குப் பக்கத்தில் அச்சிட வேண்டும்.